வயநாட்டில் ஓடிய பணமும் கோலாரில் இறங்கிய மக்களும்

ராபர்ட் பிராஃப் ஸ்மித், ஆஸ்திரேலியாவின் விக்டோரியா காலனியில் சுரங்கத் துறைச் செயலாளராகப் பல வருடம் இருந்தவர். 1869-இல் அந்தக் காலனியின் தங்க வயல்களைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று எழுதினார். தங்கம் பற்றிச் சந்தேகம் என்றால் இவரைக் கேட்கலாம் என்கிற அளவுக்குப் பெயர் இருந்தது. 1876-இல், தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களை மோசமாக நடத்துகிறார் என்று புகார் கிளம்பி, விசாரணை நடந்து, அந்தப் பதவியை விட்டு இறங்கினார். மூன்று வருடம் கழித்து இந்திய அரசு அவரை வரவழைத்து, அன்று தென்கிழக்கு வயநாடு எனப்பட்ட இன்றைய கூடலூர், தேவாலா, பந்தலூர் மலைகளைக் காட்டி, இங்கே எவ்வளவு தங்கம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றது. அவரும் பார்த்து 1880-இல் அறிக்கை கொடுத்தார். அந்த அறிக்கையின் சூடு ஆறுவதற்குள் லண்டனில் நாற்பது கம்பெனிகள் அளவுக்கு முளைத்தன. அவற்றின் மூலதனம் என்று காகிதத்தில் எழுதப்பட்ட தொகையைக் கூட்டினால் ஐம்பது லட்சம் பவுண்டு வரும்.

மூன்றே வருடத்தில் எல்லாம் முடிந்துபோனது.

நீலகிரிக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் கூடலூரைத் தாண்டிப் பந்தலூர் பக்கம் போவதில்லை. போகிறவர்களுக்கும் தேயிலைச் சரிவுகள் கண்ணில் படுமே தவிர, அதற்கு அடியில் இருக்கும் சுரங்கப் பொந்துகள் தெரியாது. நம் மாநிலத்துக்குள்ளேயே நடந்த ஒரு தங்க வேட்டை நமக்கு இவ்வளவு குறைவாகத் தெரிந்திருப்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். இதைத் தனிக் கதையாகவும் சொல்ல முடியாது, கோலாரோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரே காலத்தில், ஒரே லண்டன் பணத்தில் தொடங்கிய இரண்டு இடங்கள் இவை. ஒன்றில் பணம் ஓடி வந்து கரைந்தது, இன்னொன்றில் நம் ஊர் மக்கள் பூமிக்குள் இறங்கி நூறு வருடத்துக்கும் மேலாக வேலை செய்தார்கள். இரண்டுக்கும் இடையே ஏன் இந்த வித்தியாசம் என்பதற்குப் பதில் பெரும்பாலும் பாறையில் இருக்கிறது, மீதி கம்பெனிச் சட்டத்திலும் பஞ்சத்திலும் சாதியிலும் இருக்கிறது.

முதலில் பாறை. தங்கம் இயற்கையில் முக்கியமாக இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்று, மலைப்பாறை லட்சக்கணக்கான வருடம் மழையில் கரைந்து, அதிலிருந்த தங்கத் துகள் ஆற்று மணலில் சேர்ந்து கிடப்பது. இதை எடுக்க ஒரு தட்டு, ஒரு மண்வெட்டி, ஓடும் தண்ணீர், குனிந்து நிற்கத் தெம்புள்ள முதுகு, இவ்வளவு போதும். மணலைத் தண்ணீரில் அலசினால் கனமான தங்கம் அடியில் தங்கும். 1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் கொலோமாவில் ஒரு மர அறுப்பு ஆலையின் வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் கண்டெடுத்தது இந்த வகைத் தங்கம்தான். அதனால்தான் அங்கே ஆட்கள் ஓடினார்கள். யாருடைய அனுமதியும் முதலும் தேவையில்லாமல் கையால் எடுக்கலாம் என்பதால், 1855-க்குள் சுமார் மூன்று லட்சம் பேர் போய்ச் சேர்ந்தார்கள். அப்படி ஓடியவர்களில் ஒருவரான எட்வர்ட் ஹார்கிரேவ்ஸ் அங்கே ஒன்றும் பெரிதாகக் கிடைக்காமல் ஆஸ்திரேலியா திரும்பி, 1851-இல் நியூ சவுத் வேல்ஸில் தங்கம் இருக்கிறது என்று அறிவித்தார், அதே வருடம் பக்கத்து விக்டோரியாவிலும் கிளம்பியது. அந்த விக்டோரியாவில் உருவானவர்தான் நம் பிராஃப் ஸ்மித்.

கலிபோர்னியா என்றதும் தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர் ஆற்றோரம் தட்டோடு உட்கார்ந்திருக்கும் படம்தான் நமக்குள் வருகிறது. அந்த ஆற்றங்கரை ஏற்கெனவே யாருடைய ஊராக இருந்தது என்பதை அந்தப் படம் மறைத்துவிடுகிறது. 1848 வாக்கில் ஒன்றரை லட்சம் பேர் அளவில் இருந்த அங்குள்ள பூர்வகுடிகள், 1870-இல் சுமார் முப்பதாயிரமாகக் குறைந்தார்கள். நோய், பசி, நேரடிக் கொலை, மூன்றும் சேர்ந்து. 1851-இல் அந்த மாநிலத்தின் முதல் ஆளுநரே, அந்த இனம் அழியும் வரை போர் தொடரும் என்று சட்டமன்றத்துக்குச் சொன்னார். தங்க வேட்டையின் விளைவு என்று எதை எழுதினாலும் இதைத்தான் முதல் வரியில் வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

சரி, இரண்டாவது வகைத் தங்கம். அது ஆற்றுக்கு வந்து சேராமல் பாறைக்குள்ளேயே இருக்கும். கரும்பாறைக்கு நடுவே வெண்கல், அதாவது குவார்ட்ஸ், நரம்பு மாதிரி ஓடும், அந்த நரம்புக்குள் தங்கம் கண்ணுக்குத் தெரியாத துகளாகச் சிதறியிருக்கும். ஒரு டன் கல்லை வெட்டி மேலே கொண்டுவந்து, மாவாக இடித்து, பாதரசத்தில் பிடித்து, சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கினால் கையில் மிஞ்சுவது சில கிராம். இதைத் தனி ஆள் செய்ய முடியாது. கிணறு மாதிரி ஷாஃப்ட் இறக்க வேண்டும், ஊறும் தண்ணீரை இறைக்க வேண்டும், நீராவி எஞ்சின் வேண்டும், இடிக்கும் ஆலை வேண்டும். அப்படியென்றால் முதலீடு வேண்டும், முதலீடு என்றால் கம்பெனி, கம்பெனி என்றால் அந்தக் காலத்தில் லண்டன். வயநாட்டிலும் கோலாரிலும் பெருமளவு இருந்தது இந்த வகைதான்.

வயநாட்டு ஓடைகளில் மணல் தங்கமும் கொஞ்சம் உண்டு. அதை அங்குள்ள பழங்குடிகளான பணியரும் குறும்பரும் வெகுகாலமாகவே மரத் தட்டில் அலசி எடுத்து வந்தார்கள். ஆனால் அவர்கள் எடுத்ததில் அவர்களுக்கு நின்றது எவ்வளவு என்பது வேறு கேள்வி. நிலம் ஜன்மிகள் என்ற பரம்பரை நில உடைமையாளர்களுடையது, கூடலூர்ப் பகுதியில் பெரும் ஜன்மி நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பம். பணியர் அந்த நிலத்தோடு சேர்ந்த அடிமைகளாகவே நடத்தப்பட்டார்கள், மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் அவர்களை அடுத்த வருட வேலைக்குப் பேசி ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போகும் வழக்கம் இருந்தது. கலிபோர்னியாவைப் போல யாரும் வந்து ஆற்றில் இறங்கலாம் என்ற நிலை இங்கே இல்லாததற்கு இந்த நில உரிமையும் ஒரு காரணம். இன்னொரு காரணம் மலைக்காய்ச்சல். வயநாட்டுக் காடும் அதன் மலேரியாவும் சமவெளி ஆட்களை நெருங்கவிடவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்தத் தங்கத்தைப் பற்றி முன்பே தெரியும், 1831 வாக்கிலேயே ஒரு ராணுவ அதிகாரியை அனுப்பித் தேடச் சொன்னார்கள், பெரிதாக ஒன்றும் தேறவில்லை. அப்புறம் காபி வந்தது. ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் காட்டை அழித்துக் காபி போட்டார்கள். அறுபதுகளில் தண்டு துளைக்கும் பூச்சி, எழுபதுகளில் இலைத் துரு நோய் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடித்ததில் பல தோட்டங்கள் கடனில் நின்றன. அதே அறுபதுகளில், ஆஸ்திரேலியாவில் தங்கம் தோண்டிப் பழகிய சிலர் தேவாலாப் பக்கம் வந்து, வெண்கல் மேட்டுக்குப் பக்கத்தில் பழங்காலத்துக் குழிகளைப் பார்த்து, இங்கே பாறைத் தங்கம் இருக்கிறது என்று பேச ஆரம்பித்தார்கள். எழுபதுகளின் நடுவில் ஆல்ஃபா என்ற பெயரில் ஒரு சிறிய கம்பெனி தொடங்கி, கையில் இருந்த முதலைத் தொலைத்தது. அதைப் பார்த்தே நிறுத்தியிருக்கலாம். ஆனால் நஷ்டத்தில் கிடக்கும் காபித் தோட்டத்துக்கு அடியில் தங்கம் இருக்கிறது என்று நம்புவதற்குத் தோட்டக்காரருக்கு எவ்வளவு ஆசை இருந்திருக்கும் என்பதை யோசித்தால், நிறுத்த முடியாமல் போனது புரிகிறது.

பிராஃப் ஸ்மித் வந்தது இந்த நேரத்தில். 1877-இல்தான் இந்தத் தென்கிழக்கு வயநாட்டை மலபாரிலிருந்து பிரித்து நீலகிரி மாவட்டத்தோடு சேர்த்திருந்தார்கள். அவர் நூற்றுக்கும் மேற்பட்ட வெண்கல் மேடுகளைப் பார்த்தார், மாதிரி எடுத்துச் சோதிக்க வைத்தார், நம்பிக்கையூட்டும் அறிக்கை எழுதினார். அவர் பொய் சொன்னார் என்று நான் சொல்ல மாட்டேன். சிக்கல் மாதிரி எடுக்கும் முறையில்தான் தொடங்குகிறது. மேற்பரப்பில் தெரியும் கல்லில் எடுத்த மாதிரி, கீழே இருக்கும் கல்லைப் பற்றிச் சொல்லாது. வயநாடு மாதிரி கனமழை பெய்யும் ஊரில், மேலே உள்ள பாறை மக்கிச் செம்பூரானாக மாறும்போது மற்றவை கரைந்து போகும், தங்கம் கரையாமல் அப்படியே தங்கி அடர்த்தியாகும். மேல் அடுக்கில் நல்ல விகிதம் காட்டும் கல், சில பத்து அடி கீழே போனதும் வெறும் கல்லாகிவிடும். அதோடு மாதிரி எடுப்பவர் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் கல்லையே கை இயல்பாகப் பொறுக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த மலையும் தங்க மலையாகத் தெரியும்.

அப்புறம் நடந்தது சந்தை வேலை. முறை எளிமையானது, இன்றைக்கும் பழக்கமானதுதான். நோய் விழுந்த காபித் தோட்டம் ஒன்றை ஒருவர் வாங்குகிறார், அல்லது வாங்கும் உரிமையை மட்டும் எழுதி வாங்குகிறார். லண்டனில் ஒரு கம்பெனி பதிவு செய்கிறார்கள், இயக்குநர் பட்டியலில் ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர், பிரபு ஒருவர், இந்தியாவில் வேலை பார்த்த அனுபவம் உள்ளவர் ஒருவர். விளம்பர அறிக்கையில் அரசு நிபுணர் பிராஃப் ஸ்மித் சொன்ன வரிகள். கம்பெனி பொதுமக்களிடம் பங்கு விற்று வந்த பணத்தில் அந்தத் தோட்டத்தைப் பல மடங்கு விலை கொடுத்து வாங்குகிறது. அதாவது மூலதனத்தின் பெரும்பகுதி, ஒரு கல் உடைபடுவதற்கு முன்பே, நிலத்தை விற்றவர்களுக்கும் கம்பெனியைத் தொடங்கி வைத்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. மிச்சத்தில்தான் இயந்திரம் வாங்க வேண்டும், ஷாஃப்ட் தோண்ட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். இதில் தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் முதலில் விற்றவருக்கு லாபம், கடைசியில் பங்கு வாங்கியவருக்கு நஷ்டம் என்பது தொடக்கத்திலேயே முடிவாகிவிட்ட விஷயம். ஐம்பது லட்சம் பவுண்டு வயநாட்டுக்கு வந்தது என்று சொன்னால் அது பிழை. அவ்வளவும் இங்கே வந்திருந்தால் அந்த மலையில் நல்ல சாலையும் ஆஸ்பத்திரியுமாவது மிஞ்சியிருக்கும்.

வந்த அளவும் சிறியதல்ல. பந்தலூர் திடீரென்று ஊராகியது. கடைகள், பங்களாக்கள், வெள்ளைக்கார மேலாளர்கள், ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் பழகிய சுரங்க ஆட்கள். மேற்குக் கடற்கரையில் இறக்கிய கனமான இரும்பு உலக்கைகளையும் பாய்லர்களையும் மாட்டு வண்டியில் மலைச்சாலை வழியே மேலே ஏற்றினார்கள், மழைக்காலத்தில் அந்தச் சாலை எப்படி இருந்திருக்கும் என்று நாடுகாணி வழியாகப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆலைகள் ஓட ஆரம்பித்ததும் கணக்குத் தெரிந்துவிட்டது. இடித்த கல்லில் டன்னுக்குச் சில கிராம்தான் தேறியது. கம்பெனிகள் எதிர்பார்த்ததோ டன்னுக்கு ஒரு ஔன்ஸ், அதாவது முப்பது கிராம், அல்லது அதற்கும் மேல்.

இதில் ஒரு தொழில்நுட்பக் காரணமும் இருந்தது. மேல் அடுக்கைத் தாண்டிக் கீழே போனால் தங்கம் கந்தகம் கலந்த இரும்புத் தாதுவுக்குள் சிக்கியிருக்கும், பாதரசத்தால் அதை முழுதாகப் பிடிக்க முடியாது, பாதி அப்படியே கழிவோடு ஓடிவிடும். அதையும் பிடிக்கும் சயனைடு முறைக்கு ஸ்காட்லாந்தில் காப்புரிமை எடுத்தது 1887-இல். வயநாட்டுக் கம்பெனிகள் அதற்குள் மூடிக் கிடந்தன. சயனைடு வந்திருந்தால் தப்பித்திருப்பார்களா என்று கேட்டால், கல்லிலேயே அவ்வளவு தங்கம் இல்லாதபோது சில கம்பெனிகள் கொஞ்ச காலம் கூடுதலாகத் தாக்குப்பிடித்திருக்கும், அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். 1883 வாக்கில் பங்கு விலைகள் சரிந்து, ஆட்கள் கலைந்து, இயந்திரங்களைக் காட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். பிராஃப் ஸ்மித் ஆஸ்திரேலியா திரும்பி 1889-இல் இறந்தார்.

வெட்டிய நிலத்தில் பிறகு தேயிலை வந்தது. அதற்குப் பல காலம் கழித்து, 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்கள் பந்தலூர், சேரம்பாடி, கூடலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். ஜன்மி நிலச் சிக்கல் இன்னும் தீரவில்லை. 1969-இல் கூடலூர் ஜன்மம் ஒழிப்புச் சட்டம் வந்தும் பெரிய எஸ்டேட்டுகளின் குத்தகை நிலம், அங்கே குடியிருப்பவர்களின் பட்டா என்று வழக்குகள் பல பத்து வருடம் இழுத்தன. தேவாலாவைச் சுற்றிப் பழைய சுரங்கப் பொந்துகளுக்குள் இன்றும் வேலையில்லாத ஆட்கள் திருட்டுத்தனமாக இறங்கிக் கல் எடுக்கிறார்கள், மண் சரிந்து உள்ளேயே இறந்தும் போகிறார்கள். நூற்று நாற்பது வருடத்துக்கு முன் லண்டன் கம்பெனிக்குக் கட்டுப்படியாகாத கல், தினக்கூலியை விடக் கொஞ்சம் அதிகம் கிடைத்தால் போதும் என்கிறவருக்குக் கட்டுப்படியாகிறது.

இனி கோலார். 1802-இல் மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், உரிகம், மாரிக்குப்பம் பக்கத்து மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்துக் குறித்து வைத்தார். கிராமத்து ஆட்கள் மிக ஆழமாகத் தோண்டிய பழங்குழிகளும் அங்கே இருந்தன. பாறையில் நெருப்பு மூட்டி, தண்ணீர் ஊற்றி வெடிக்கவைத்து, நூறு மீட்டர் ஆழம் வரை கையால் இறங்கியிருந்தார்கள் நம் முன்னோர். எஞ்சின் இல்லாமல், வெடிமருந்து இல்லாமல் அந்த ஆழத்துக்குப் போனவர்கள் யார், எந்த ராஜாவுக்காகப் போனார்கள் என்பதெல்லாம் கல்வெட்டில் பதியாமல் போய்விட்டது.

எழுபது வருடம் கழித்து மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் வாரனின் குறிப்பைப் படித்தார். நியூசிலாந்துப் போரில் இருந்தவர், அங்கே தங்க மோகத்தைப் பார்த்தவர், பெங்களூர் கன்டோன்மென்ட்டில் ஓய்வில் இருந்தவர். 1871-இல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு கோலார் போய்ச் சுற்றிப் பார்த்தார், 1873-இல் மைசூர் அரசுக்கு விண்ணப்பம் எழுதினார், 1875-இல் இருபது வருடக் குத்தகை வாங்கினார். கையில் பணம் இல்லை. பாறைத் தங்கத்துக்கு ஆள் மட்டும் போதாது என்று மேலே சொன்னேன் இல்லையா, அது அவருக்கு நடந்தது. 1877-இல் குத்தகையைப் பெரிஸ்ஃபோர்ட் என்ற ராணுவ அதிகாரி இருந்த குழுவுக்கு விற்றுவிட்டு விலகினார். 1880-இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிர்வாகத்துக்குள் வந்தது, வயநாட்டு மோகம் உச்சத்தில் இருந்த அதே வருடம். கோலார்ப் பங்குகளும் அந்த அலையில்தான் விற்றன, வயநாடு கவிழ்ந்தபோது இவையும் சேர்ந்தே சரிந்தன.

1883-இல் கோலாரும் ஏறக்குறைய மூடும் நிலை. பணம் தீர்ந்துகொண்டிருந்தது, தங்கம் தேறவில்லை. இருக்கிற மிச்சப் பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு மூடலாம் என்ற பேச்சு எழுந்தபோது, ஜான் டெய்லர் இன்னும் ஒருமுறை பார்க்கலாம் என்று அவர்களைச் சம்மதிக்க வைத்தார். கேப்டன் பிளம்மர் என்ற சுரங்க மேலாளர் வந்து, பழங்காலத்து ஆட்கள் விட்டுப் போன குழிகளை ஒட்டியே கீழே இறங்கினார். அவர்கள் காரணமில்லாமல் அங்கே தோண்டியிருக்க மாட்டார்கள் என்ற எளிய நியாயம்தான். அவர்கள் நின்ற இடத்துக்குக் கீழே சாம்பியன் நரம்பு கிடைத்தது, சில அடி அகலத்தில், மைல் கணக்கான நீளத்தில், டன்னுக்கு ஒரு ஔன்ஸுக்கும் மேல் தங்கம் தரும் கல். வயநாட்டில் கீழே போகப் போகத் தங்கம் குறைந்தது, இங்கே கீழே போகப் போக நரம்பு நிற்கவே இல்லை. கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கினார்கள். 2001 பிப்ரவரி 28-இல் மூடும் வரை எடுத்த தங்கம் எண்ணூறு டன் அளவு. மொத்தக் கணக்கில் டன் கல்லுக்குச் சராசரி பதினைந்து கிராம்.

அந்தக் கல்லை உடைத்தது யார்? இதுதான் எனக்கு முக்கியம். சுற்றியிருந்த கோலார்க் கிராமங்களின் கன்னட, தெலுங்கு விவசாயிகள் மேல்தளத்து வேலைக்கு வந்தார்களே தவிர, நிலம் இருந்தவர்கள் பூமிக்குள் இறங்கத் தயங்கினார்கள். கீழே இறங்கியவர்களில் பெரும்பாலோர் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த நிலமற்ற தலித் மக்கள், அதிலும் தமிழ் பேசும் பறையர்கள். 1876 முதல் 1878 வரையிலான தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்திலும் மைசூரிலும் லட்சக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோய்ச் சில வருடம்தான் ஆகியிருந்தது. பஞ்சம் முதலில் அடித்தது பண்ணைகளில் கூலிக்கு உழைத்தவர்களை. ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர் போகும் ரயில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, குடியாத்தத்திலும் வாணியம்பாடியிலும் ஏறினால் இன்றைய பங்காருபேட்டையில் இறங்கிவிடலாம், 1894-இல் அங்கிருந்து மாரிக்குப்பம் வரை கிளைப்பாதையும் வந்தது. மேஸ்திரிகளும் ஒப்பந்தக்காரர்களும் ஊர் ஊராகப் போய் ஆள் சேர்த்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முப்பதாயிரம் பேர் அளவில் அங்கே வேலை செய்தார்கள்.

கலிபோர்னியாவுக்கு ஓடியவருக்கும் கோலாருக்கு வந்தவருக்கும் இருக்கும் வித்தியாசத்தைக் கவனியுங்கள். முன்னவர் தங்கம் கிடைத்தால் அது தனக்கு என்று நம்பி வந்தார். பின்னவர் எடுக்கிற தங்கத்தில் ஒரு குண்டுமணி கூடத் தனக்கில்லை என்று தெரிந்தே, கூலிக்காக வந்தார். ஷிஃப்டு முடிந்து மேலே வரும்போது உடலைத் தடவிச் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள். தங்கத்தின் பெரும்பகுதி பல வருடம் கப்பலேறி லண்டனுக்குப் போனது, மைசூர் அரசுக்கு ராயல்டி, பங்குதாரருக்கு ஈவுத்தொகை. ஐரோப்பிய அதிகாரிகளுக்குக் கிளப், பங்களா, தோட்டம் இருந்தன. தொழிலாளிக்கு மூங்கில் தட்டி வைத்துக் கட்டிய லைன் வீடு, நின்றால் கூரை இடிக்கும்.

கீழே இருந்த நிலைமை இன்னும் கடினம். ஆழம் கூடக் கூடப் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டியது, காற்றைக் குளிர வைத்து அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். மேலே இருக்கும் மலையின் அழுத்தத்தில் பாறை குண்டு மாதிரி வெடித்துச் சிதறும், அதில் இறந்தவர்கள் ஏராளம். ஆனால் அதிக வீடுகளைத் தொட்டது வெடிப்பை விடத் தூசிதான். வெண்கல்லை உலர்ந்த நிலையில் துளைபோட்டால் கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து இறுகும், மூச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அதற்கு மருந்து அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. காசநோய் என்று சொல்லி அனுப்பிவிடுவது எளிதாக இருந்தது. அதைத் தொழிலால் வரும் நோய் என்று ஒப்புக்கொண்டு இழப்பீட்டுக்கு மைசூர் அரசு விதி கொண்டுவந்தது 1940-இல். அதற்குள் சுரங்கம் அறுபது வருடம் ஓடியிருந்தது.

இருந்தாலும் கோலார் தங்கவயலை வெறும் துயரக் கதையாக மட்டும் எழுதினால் அந்த மக்களுக்கு நியாயம் செய்ததாகாது. ஊரில் பண்ணையாருக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவருக்கு இங்கே மாதக் கூலி பணமாகக் கையில் வந்தது, சேரிக்குள் மட்டும் என்ற எல்லை கொஞ்சம் தளர்ந்தது, பள்ளிக்கூடமும் ரயிலும் அச்சகமும் பக்கத்தில் இருந்தன. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் எழுத்துகள் அவர் இறந்த பிறகும் சாம்பியன் ரீஃப்ஸில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை வழியாகத்தான் நூலாக வந்தன, 1920-களில் அப்பாதுரையார் ஆசிரியராக இருந்து, அயோத்திதாசர் நடத்திய தமிழன் இதழ் தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. இன்னொரு தற்செயல் எனக்குப் பிடித்தது: அயோத்திதாசர் இளவயதில் இருந்ததும் 1870-இல் தன் முதல் சபையை நிறுவியதும் நீலகிரியில், அதாவது வயநாட்டு மோகம் கிளம்பப் போகும் அதே மலைக்குப் பக்கத்தில். 1930-இல் எல்லோரும் கைரேகை கொடுத்துப் பதிய வேண்டும் என்று கம்பெனிகள் சொன்னபோது தங்கவயல் தொழிலாளர்கள் மூன்று வாரம் வேலைக்குப் போகவில்லை. கைரேகை என்பது குற்றவாளிக்கு எடுப்பது, நாங்கள் குற்றவாளிகள் இல்லை என்பது அவர்கள் வாதம். பஞ்சத்தில் வந்து இறங்கியவர்களின் பிள்ளைகள் ஒரே தலைமுறையில் இப்படிப் பேசினார்கள்.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். கோலாருக்கு விறகும் நிலக்கரியும் கொண்டுவந்து மாளவில்லை, அதனால் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின் நிலையம் கட்டி, அங்கிருந்து 92 மைல் தூரம் கம்பி இழுத்து, 1902 ஜூனில் சுரங்கத்துக்கு மின்சாரம் கொடுத்தார்கள். அப்போது உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருவுக்கு விளக்கு வந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து, 1905-இல். குடிதண்ணீருக்குப் பேத்தமங்கலத்தில் பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கி எடுத்தார்கள். அந்தப் பாலாறு அப்புறம் வாணியம்பாடி, வேலூர் வழியாக நமக்கு வருவது. 1965-இல் அதே சுரங்கத்தின் ஆழத்தில் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூட்ரினோ என்ற நுண்துகளைப் பதிவு செய்தார்கள், அது உலக அளவில் முதல் பதிவுகளில் ஒன்று.

இப்போது அங்கே தங்கத்துக்குப் பதிலாக மலைகள் இருக்கின்றன. இடித்த கல்லைச் சயனைடில் ஊறவைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய பொடியைக் கொட்டிக் கொட்டி எழுந்த பதின்மூன்று மேடுகள், மூன்று கோடி டன்னுக்கு மேல். சாம்பல் நிறம், உச்சி தட்டை, ஓரங்களில் மழை அரித்த வாய்க்கால்கள். ஆடி மாதக் காற்று அடித்தால் அந்தப் பொடி லைன் வீடுகளுக்குள் வரும், சோற்றுத் தட்டில் விழும், ஏற்கெனவே சுரங்கத்தில் நுரையீரலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் தாத்தாவின் மூக்கிலும் ஏறும். 2024-இல் கர்நாடக அமைச்சரவை அந்தப் பதின்மூன்று மேடுகளையும் ஏலம் விட்டு, மிச்சம் இருக்கும் தங்கத்தை எடுக்க ஒப்புதல் கொடுத்தது. டன்னுக்கு ஒரு கிராம் கூடத் தேறாத பொடி, இன்றைய விலையில் அதுவும் கட்டுப்படியாகும் என்பது கணக்கு.

சுரங்கம் மூடியபோது வேலை போனவர்களின் நிலுவை, லைன் வீடுகளின் உரிமைப் பத்திரம் என்று பல விஷயங்கள் வருடக்கணக்கில் இழுத்தன. தங்கவயலில் வேறு பெரிய வேலை எதுவும் வரவில்லை. அதனால் தினமும் விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூர் போகும் ரயில் நிரம்பி வழிகிறது. 1894-இல் ஆட்களைச் சுரங்கத்துக்குக் கொண்டுவரப் போட்ட அதே பாதையில், அவர்களுடைய கொள்ளுப்பேரன்களும் பேத்திகளும் செக்யூரிட்டி வேலைக்கும் கார்மென்ட்ஸுக்கும் ஐடி அலுவலகத்துக்கும் இரண்டரை மணி நேரம் போய், ராத்திரி திரும்புகிறார்கள்.